எறும்பிடமே கொடுத்தனுப்புங்கள்

வாசகி ஒருவரின் கேள்வி: எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரமாக இரண்டு மாதங்களாக எறும்பு வரிசை. பூச்சிமருந்து தெளித்தால் அன்றைக்கு ஒன்றுகூட இருப்பதில்லை. நான்கே நாளில் வேறொரு மூலையில் கிளம்பிவிடுகின்றன. இப்போது குளியலறையிலும் படுக்கையறை சுவிட்சுப் பெட்டியிலும்கூட வருகின்றன. தோட்டத்து எலுமிச்சையில் மேலும் கீழுமாக எறும்புகள், இலையெல்லாம் பிசுபிசுப்பு. இரண்டு பூந்தொட்டிகளுக்குள் கூடு கட்டியிருக்கின்றன. போன வாரம் மழைக்குப் பிறகு ஜன்னலோரம் இறக்கை முளைத்த பூச்சிகள் குவிந்து கிடந்தன. கறையானோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் தவழும் குழந்தையும் ஒரு பூனையும் உண்டு. கொதிநீர் ஊற்றலாம் என்கிறார் கணவர், பெட்ரோல் ஊற்றலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எறும்பை ஒரேயடியாக ஒழிக்க வழி சொல்லுங்கள்.

பதில்: வணக்கம். பெட்ரோல் டப்பாவை முதலில் பக்கத்து வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அது மண்ணைக் கெடுக்கும், செடியைக் கொல்லும், ஒரு பொறி பட்டால் வீட்டையும் எடுத்துக்கொள்ளும். கொதிநீரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"ஒரேயடியாக" என்ற சொல்லையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். உலகத்தில் இருக்கும் எறும்புகள் சுமார் 20,000 லட்சம் கோடி இருக்கலாம் என்று 2022-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஏறக்குறைய 25 லட்சம் எறும்புகள். உங்கள் பங்குக்கு வந்த 25 லட்சத்தையும் ஒழிக்க என்னால் முடியாது. சமையலறை மேடையிலிருந்து அவற்றை விலக்க முடியும். அதற்கு மருந்து தெளிப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் பார்க்கும் வரிசை கூட்டின் ஒரு சிறு பகுதிதான். இரை தேடி வெளியே வருபவை பெரும்பாலும் கூட்டிலேயே வயதான வேலைக்காரிகள் (எறும்பு வரிசையில் ஆண் கிடையாது). இளசுகள் உள்ளே குஞ்சு வளர்க்க, ஆபத்தான வெளிவேலை கிழவிகளின் தலையில். அவற்றில் நூறு செத்தாலும் கூடு கலங்குவதில்லை. அந்த இழப்புக்குத் தயாராகத்தான் அது இருக்கிறது. முட்டையிடும் ராணி உள்ளே பத்திரமாக இருக்கும்வரை நூறு போனால் இருநூறு வரும். ராணியின் ஆயுளும் கொஞ்ச நஞ்சமில்லை: தோட்டங்களில் வாழும் ஒருவகைக் கறுப்பெறும்பின் ராணி, ஆய்வுக்கூட வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. அத்தனை காலம் நீங்கள் தெளித்துக்கொண்டே இருக்க முடியாது.

உங்கள் வீட்டு நிலைமை இதைவிட ஒரு படி மோசம் என்று நினைக்கிறேன். முதலில் சமையலறை, பிறகு குளியலறை, அதற்கும் பிறகு சுவிட்சுப் பெட்டி என்று பரவியதாக எழுதியிருக்கிறீர்கள். சில எறும்பு இனங்களில் ஒரு கூட்டுக்குப் பல ராணிகள். தொந்தரவு வந்தால் ஒரு ராணியும் கொஞ்சம் வேலைக்காரிகளும் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். தெளிக்கத் தெளிக்க ஒரு கூடு மூன்றாகும், மூன்று ஆறாகும். 'ஃபாரோ எறும்பு' எனப்படும் இரண்டு மில்லிமீட்டர் நீள மஞ்சள் எறும்பு இதில் பேர் போனது. தொழிலுக்கு வந்த புதிதில் அதனிடம் நானும் பாடம் படித்தேன். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரே ஒரு சமையலறையில் மட்டும் அந்த எறும்பு. நான் உற்சாகமாக எல்லா இடுக்கிலும் மருந்தைப் பீய்ச்சிவிட்டு, கை குலுக்கி விடைபெற்றேன். மூன்றே வாரத்தில் மேல் வீட்டிலிருந்தும் கீழ் வீட்டிலிருந்தும் அழைப்பு வந்தது. எறும்பை நான்தான் வீடு வீடாகக் குடியேற்றியிருக்கிறேன் என்று புரிய எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

ஆகவே இனி வரிசையைப் பார்த்தால் கை ஓங்காதீர்கள், உட்கார்ந்து கவனியுங்கள். தலை கறுத்து, வயிறும் கால்களும் வெளிறி, தூசி நகர்வது போல இருந்தால் அது பேய் எறும்பு. நசுக்கி முகர்ந்தால் கெட்டுப்போன தேங்காயின் வாடை அடிக்கும். முழு உடலும் மஞ்சள் பழுப்பென்றால் நான் சொன்ன ஃபாரோ. நீண்ட கால்களோடு, திசை தெரியாததுபோல் இங்கும் அங்கும் கிறுக்குத்தனமாக ஓடினால் அது கிறுக்கெறும்பு. நம்மவர்கள் பிள்ளையார் எறும்பு, கடிக்காது என்று விட்டுவிடும் கறுப்புச் சிற்றெறும்புகளில் அதுவும் சேர்ந்திருக்கும். பெயர் பிடிபடாவிட்டாலும் கவலை வேண்டாம். அதற்கு என்ன பிடிக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அதை அதனிடமே கேட்கலாம். ஒரு அட்டைத் துண்டில் ஒரு பக்கம் சர்க்கரைக் கரைசல் ஒரு சொட்டு, மறுபக்கம் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு ஒரு துணுக்கு. வரிசைக்கு அருகில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எதைச் சுற்றிக் கூட்டமோ அதுதான் இப்போதைய தேவை. "இப்போதைய" என்பதைக் கவனியுங்கள். கூட்டில் வளரும் குஞ்சுகள் அதிகமானால் புரதம் தேடும். இல்லாவிட்டால் இனிப்பு போதும். போன மாதம் இனிப்புக்கு ஓடி வந்த அதே எறும்பு இந்த மாதம் அதைச் சீண்டாமல் போவது இதனால்தான்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வருகிறது என்பதால் உங்களுடையது இனிப்புக் கட்சியாகவே இருக்கும் என்பது என் ஊகம். அதற்கான தீனியை வீட்டிலேயே தயாரிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி, சர்க்கரை மூன்று தேக்கரண்டி, போரிக் அமிலத் தூள் 1 கிராம், அதாவது தலைதட்டிய கால் தேக்கரண்டி. முழுதும் கரையும்வரை கலக்குங்கள். அமிலத்தை மட்டும் கூட்டிப் போடாதீர்கள். எல்லாருக்கும் கை நீளும் இடம் இதுதான்: கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் சாகுமே என்ற ஆசை. சீக்கிரம் செத்தால் காரியம் கெட்டது. எறும்பு குடித்துவிட்டு, நன்றாக நடந்து, கூட்டுக்குப் போய், வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்ட வேண்டும். எறும்புக்கு இரண்டு இரைப்பை. ஒன்று தனக்கு, இன்னொன்று ஊருக்கு. அந்த ஊர்ப் பையில்தான் நம் மருந்து ராணிவரை போகிறது. தீனிக்குப் பக்கத்திலேயே எறும்புகள் செத்துக் கிடந்தால் கலவை வீரியம் மிஞ்சிவிட்டது என்று பொருள். தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள்.

குழந்தை விஷயம். போரிக் அமிலம் மனிதருக்கு அவ்வளவு கொடிய நஞ்சில்லை என்று சொல்வார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தச் சமாதானம் செல்லாது. தீனியைத் திறந்த தட்டில் வைக்கவே கூடாது. திருகுமூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சை வைத்துக் கரைசலில் நனையுங்கள். டப்பாவின் பக்கவாட்டில் சூடான ஊசியால் எறும்பு நுழையும் அளவுக்கு நாலைந்து துளைகள். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, மேலே "நஞ்சு" என்று பெரிதாக எழுதிய சீட்டு. கழுவுதொட்டிக்குக் கீழுள்ள அலமாரியைப் பூட்ட முடியுமானால் அங்கே, இல்லாவிட்டால் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், பூனையின் கால் எட்டாத இடத்தில். கலக்கிய கரண்டி திரும்பச் சமையலுக்கு வரக்கூடாது. குழந்தை எப்படியாவது வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் நாள் உங்கள் பொறுமைக்குச் சோதனை. ஐம்பது வந்த இடத்தில் ஐந்நூறு வரும். வயிறு நிறையக் குடித்த எறும்பு திரும்பும் வழியெல்லாம் வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு மணக்கோடு போட்டுக்கொண்டே போகும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வரும், அதுவும் கோடு போடும். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் வைத்துப் பாருங்கள். சொட்டைச் சுற்றித் தலையை உள்ளே வைத்து, பூவிதழ் போல வட்டமாக நிற்கும். குடிக்கக் குடிக்க வயிற்றின் பட்டைகள் விலகி இடையில் கண்ணாடி போன்ற தோல் தெரியும். வெளிறிய எறும்பாக இருந்து, கரைசலில் ஒரு சொட்டு உணவு வண்ணமும் கலந்திருந்தால் வயிறே அந்த நிறமாகிவிடும். எந்த எறும்பு எந்த விரிசலுக்குள் போகிறது என்று பார்க்க நான் இன்றும் செய்யும் வேலை இது. இந்த நேரத்தில் யாராவது துடைத்தாலோ, ஆசை தாங்காமல் மருந்து தெளித்தாலோ எல்லாம் வீண்.

இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை புதிய கரைசல் ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் கூட்டம் இளைக்கும், மூன்று வாரம்வரை வைத்திருங்கள். குளியலறைக்கும் தனி டப்பா வேண்டும். சுவிட்சுப் பெட்டிக்குள் திரவம் எதையும் விடாதீர்கள், தெளிக்கவும் தெளிக்காதீர்கள்; வெளியே, அவை வரும் வழியில் தீனி வைத்தால் போதும். உள்ளே கூடு இருப்பது உறுதியானால் மின் இணைப்பை நிறுத்திவிட்டு மின்பணியாளரைக் கொண்டு திறப்பதே சரி. எறும்பு முட்டைக் கருவைத்தான் மொய்க்கிறது என்றால் புரதமும் எண்ணெயும் சேர்ந்த ஆயத்தத் தீனியை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கலந்திருக்கும் ஹைட்ராமெத்தில்நான், இன்டாக்சாகார்ப் போன்ற மருந்துகள் மெதுவாக வேலை செய்பவை. உறையில் எழுதிய அளவே அளவு.

சோள ரவை தின்றால் எறும்பு வயிறு ஊதி வெடிக்கும் என்ற கதையை நம்ப வேண்டாம். வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்கவே முடியாது. துகள்களை வடிகட்டிவிட்டுச் சாற்றை மட்டும் குடிக்கும். திட உணவெல்லாம் குஞ்சுகளுக்கு. பட்டைத்தூளும் மிளகாய்த்தூளும் எறும்பைக் கொல்லாது, சுற்றிப் போக வைக்கும், அவ்வளவுதான். தீனி வைக்கும் நாட்களில் அந்தச் சுற்றுவழியும் தொல்லை. பூச்சி மருந்துச் சாக்கட்டி உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே அகற்றுங்கள். எழுதும் சாக்கட்டி மாதிரியே இருக்கும் நஞ்சைத் தவழும் குழந்தையின் உயரத்தில் கோடாகப் போட்டு வைப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

வரத்து நின்ற பிறகுதான் துடைக்கும் வேலை. சோப்பு நீரோ, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரோ மணக்கோட்டை அழித்துவிடும். துடைத்த இடத்தில் ஓர் எறும்பை விட்டுப் பார்த்தால் தெரியும்: கோடு அறுந்த இடத்தில் நின்று, உணர்கொம்பை ஆட்டி, வீட்டு விலாசம் தொலைத்த ஆள் போலத் திரும்பித் திரும்பி நிற்கும். (வினிகரோடு பிளீச்சிங் திரவத்தைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.) பிறகு அவை நுழைந்த விரிசலைச் சிமெண்டாலோ சிலிக்கோன் பசையாலோ அடையுங்கள். சுவரைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். ஒரு கிளை போதும், அதுவே பாலம். ஒழுகும் குழாயைச் சரி செய்யுங்கள். மேசைக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நல்ல பழைய உத்திதான், ஆனால் மேலே தூசி படிந்தால் எறும்பு அதன்மேல் நடந்தே கடந்துவிடும், நீர் தேங்கினால் கொசு முட்டையிடும். ஒரு சொட்டு சோப்பு விட்டு, வாரம் ஒருமுறை மாற்றினால் இரண்டு தொல்லையும் இல்லை.

இனித் தோட்டம். இங்கே என் பேச்சு தலைகீழாக மாறும். வெளியே இருக்கும் எறும்பைக் கூடியவரை விட்டுவிடுங்கள். மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் தருவது, செத்த பூச்சிகளை அகற்றுவது, புழுக்களையும் கறையானையும் வேட்டையாடுவது எல்லாம் சம்பளமில்லாமல் நடக்கிறது. சீனத்தில் கி.பி. 304-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு குறிப்பு, ஆரஞ்சு வகை மரங்களின் பூச்சிகளைத் தடுக்க எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றதைச் சொல்கிறது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் நம் முசிறுதான் அந்த எறும்பு. கடித்தால் உயிர் போகும் என்று நாம் ஓடுகிற அதே முசிறை அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

எலுமிச்சையில் எறும்பு ஏறுவது வேறு விவகாரம். இலையின் அடிப்பக்கத்தையும் இளந்தளிரையும் திருப்பிப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ அசுவினி, பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி, பழுப்புப் பொட்டு போலச் செதில்பூச்சி, இவற்றில் ஒன்றாவது இருக்கும். இவை செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பு நீரைக் கழிக்கின்றன. உங்கள் கையில் ஒட்டிய பிசுபிசுப்பு அதுதான். சில நாள் விட்டால் அதன்மேல் கரிபூசியது போலப் பூசணம் படரும். எறும்பு உணர்கொம்பால் அசுவினியின் முதுகைத் தட்டும், பின்பக்கத்தில் ஒரு துளி துளிர்க்கும், எறும்பு அதைக் குடித்துக்கொள்ளும். மாடு கறப்பது போலத்தான். தன் மாட்டைத் தின்ன வரும் பொறிவண்டையும் அதன் புழுவையும் எறும்பு கடித்து விரட்டிவிடுவதால்தான் அசுவினி அப்படிப் பெருகுகிறது.

எனவே ஏணியை எடுத்துவிடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குத் துணியோ அட்டையோ இறுக்கிக் கட்டி, அதன்மேல் பூச்சிப் பசையைத் தடவுங்கள். பட்டையின்மேல் நேரே தடவினால் இளமரம் புண்ணாகும். தரையையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளை இருக்கக்கூடாது. அசுவினியைக் குழாய் நீரின் விசையாலேயே அடித்துக் கீழே தள்ளலாம். எஞ்சியதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மென்மையான திரவச் சோப்பு. ஓர் இலையில் அடித்து ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் இலைகளின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். எறும்பு ஏறாத மரத்துக்குப் பொறிவண்டு தானாகவே வரும்.

தொட்டிக்குள் கூடு கட்டியிருக்கிறது என்றால் அந்த மண் வெகுநாள் காய்ந்து கிடந்திருக்கிறது என்று அர்த்தம். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் தொட்டிகளைக் காயப்போட்டவன்தான். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் விளிம்புவரை இறக்கி அரைமணி நேரம் வையுங்கள். வாளியின் விளிம்புக்கு ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால் அதன் வழியாக வெள்ளை உருண்டைகளைக் கவ்விக்கொண்டு ஊர்வலமாக வெளியேறும். "எறும்பு முட்டைகொண்டு திட்டை ஏறினால் மழை" என்பார்களே, அந்த முட்டைதான் இது. உண்மையில் முட்டையில்லை, குஞ்சும் கூட்டுப்புழுவும். அசல் முட்டை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடி. வாரம் ஒருமுறை இரண்டு மூன்று தடவை செய்து, பிறகு மண்ணை ஒரே ஈரப்பதத்தில் வைத்திருந்தால் திரும்ப வராது. தொட்டியை எடுக்கும்போது வேரில் வெள்ளை மாவு தெரிந்தால் வேர் மாவுப்பூச்சி, மண்ணை மாற்றுங்கள்.

கணவரின் கொதிநீர் பெட்ரோலைவிட நூறு மடங்கு மேல். ஆனால் கூடு ஆழமாக இருந்தால் ராணியை எட்டுவதற்குள் நீர் ஆறிவிடும். சுற்றியுள்ள வேர் மட்டும் வெந்துபோகும். குழந்தை விளையாடும் இடத்தில் கொட்டும் செவ்வெறும்பின் புற்று இருந்து, பக்கத்தில் செடியும் இல்லை என்றால் முயன்று பார்க்கலாம், காலில் பூட்ஸோடு. அதற்கும் தீனியே நல்லது. கொட்டிய பிறகு மூச்சுத் திணறலோ, முகம் உதடு வீக்கமோ, உடலெங்கும் தடிப்போ வந்தால் ஒவ்வாமை. அது நேரே அவசர சிகிச்சைக்கான விஷயம்.

கடைசியாக அந்த இறக்கைப் பூச்சி. மழைக்குப் பின் எறும்பும் பறக்கும், கறையானும் பறக்கும். கறையான் பறந்தால்தான் அதற்கு ஈசல் என்று பெயர். ஒன்றை வெள்ளைத்தாளில் வைத்துப் பாருங்கள். உணர்கொம்பு முழங்கை போல மடங்கி, இடுப்பு நூலாக ஒடுங்கி, முன் இறக்கை நீண்டும் பின் இறக்கை குட்டையாகவும் இருந்தால் எறும்பு, கவலையில்லை. உணர்கொம்பு நேராகவும், இடுப்பே இல்லாமல் உடல் ஒரே தடிமனாகவும், நான்கு இறக்கைகளும் ஒரே நீளமாகவும் இருந்தால் ஈசல். ஜன்னலோரத்தில் வெறும் இறக்கைகள் மட்டும் குவிந்து கிடந்தாலும் அநேகமாக அதுவே. வீட்டுக்குள்ளிருந்தே அது கிளம்பியிருந்தால் மரச்சட்டங்களை ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டத்துக்குக் கீழே மரத்தூள் போல் குவியலும் பக்கத்தில் பெரிய கட்டெறும்பும் தெரிந்தால் அது இன்னொரு கதை: கட்டெறும்பு மரத்தைத் தின்பதில்லை, ஈரத்தில் இற்றுப்போன மரத்தைக் குடைந்து வீடு கட்டுகிறது. எங்கோ நீர்க்கசிவு இருக்கிறது.

மூன்று வாரம் தீனி வைத்தும் வரிசை இளைக்கவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள். எழுதும்போது நாலைந்து எறும்புகளை ஒட்டுநாடாவில் ஒட்டிக் கடிதத்தோடு அனுப்புங்கள். நசுக்காமல்.